ஐம்பது நிமிஷத்து மாப்பிள்ளை

மாப்பிள்ளைங்களா? சேந்தமங்கலத்துல இருந்து அப்புச்சி பேசறனுங்க. ஆபீஸ்லயா இருக்கறீங்க? மீட்டிங்குங்களா? பரவாயில்லீங்க, சித்த நேரந்தான். ஐம்பது நிமிஷத்துல முடிச்சுருவனுங்க. நீங்க சென்னையில ஏறிச் சேலத்துல எறங்கற நேரத்துக்குள்ள நான் பேசி முடிக்க மாட்டனா?

பேத்தி வெடியால வந்து சொல்லுச்சுங்க. ஆடி பதினெட்டுக்கு மாப்பிள்ளை விமானத்துல வர்றாராம். தூரம் 265 கிலோமீட்டராம். பறக்கறது ஐம்பது நிமிஷமாம். அங்க பல்லு வெளக்கிட்டு இங்க வந்து காப்பி குடிக்கலாமாம். பொழுதோட திரும்பிப் போயி அங்க ராத்திரிச் சாப்பாடாம். நீங்க அனுப்பின படத்தையும் காட்டுச்சுங்க. ரெண்டு புள்ளி, நடுவுல அழகா வளைஞ்ச ஒரு கோடு, அதுமேல ஒரு குட்டி விமானம். லட்சணமா இருந்துச்சுங்க. அம்மாயிகிட்ட உடனே சொன்னேன்: "இந்தா, அன்னைக்கு அவசரப்பட்டு உலை வச்சுராத. மாப்பிள்ளை மீனம்பாக்கத்துல ஏறிட்டாருன்னு போன் வந்ததும் வையி. வடிக்கறதுக்குள்ள வாசல்ல நிப்பாரு." அவ நம்பிட்டாளுங்க. நோம்பிக்கு இன்னும் நாள் கெடக்குது, இப்பவே எந்தப் பானைன்னு பாத்துக்கிட்டு இருக்கறா.

தூரம் சரியான்னு நானும் பாத்துட்டனுங்க. உங்களை நம்பாம இல்லீங்க. லாரி ஓட்டினவன் காதுல யாராவது கிலோமீட்டர் சொன்னாக் கை சும்மா இருக்காது. பேத்தி பள்ளிக்கூடத்துல படிச்ச அட்லஸ் பரண்ல கெடந்துச்சு. எடுத்துத் தூசி தட்டி, ஓமலூருக்குப் பக்கத்துல சேலம் ஏர்போர்ட்டு இருக்கற கமலாபுரத்துல ஒரு புள்ளி, மீனம்பாக்கத்துல ஒரு புள்ளி வச்சு, மரஸ்கேலைப் போட்டேன். நீங்க சொன்னது சரிதானுங்க, 265 கிட்ட வருது. விமானம் ஓட்டறவங்க பாஷையில 143 நாட்டிகல் மைல். அவங்க மைல் ஒண்ணு 1.852 கிலோமீட்டராமுங்க. ரயில்ல சேலம் 334 கிலோமீட்டர், ரோட்டுல 340 சொச்சம். ஆகாசத்துல போனா எழுபது கிலோமீட்டர் மிச்சம். கோடு எங்கெல்லாம் போகுதுன்னு விரல்ல தடவிப் பாத்தேன். ஏற்காட்டுக்கு வடக்கால ஏறி, திருவண்ணாமலைக்குக் கொஞ்சம் வடக்கால போயி, நேரா மீனம்பாக்கம். டோல்கேட் இல்ல, ஸ்பீடு பிரேக்கர் இல்ல, குறுக்க வர்ற எருமை இல்ல.

ஒண்ணே ஒண்ணு சந்தேகமுங்க மாப்பிள்ளை. நீங்க குடியிருக்கறது மீனம்பாக்கத்து ஓடுபாதையிலயா? நான் என்னவோ பழைய மகாபலிபுரம் ரோட்டுல பன்னண்டாவது மாடின்னு கேள்விப்பட்டேன். நாங்க கமலாபுரத்துலயா இருக்கறோம்? கொல்லிமலை அடிவாரத்துல சேந்தமங்கலத்துல இருக்கறோம். அந்த 265 கிலோமீட்டர் விமானத்தோட தூரமுங்க. அது வந்து எறங்கி, பொட்டியை எறக்கிட்டுத் திரும்பிப் போயிரும். அதுக்கு மாமனார் ஊடும் கெடையாது, நோம்பியும் கெடையாது. ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு கேட்டா, ஏர்போர்ட்லயே பொறந்து ஏர்போர்ட்லயே பொண்ணு எடுத்தவனுக்குத்தான் அந்தப் பதில் உதவும்.

ஸ்கேல் கையில இருந்துச்சா, எடுத்த வேலைக்கு இன்னொண்ணும் அளந்தேன். சேந்தமங்கலத்துல இருந்தே மீனம்பாக்கத்துக்கு நேர்கோடு போட்டா 283 கிலோமீட்டர் வருதுங்க. கமலாபுரத்துல இருந்து 265. வித்தியாசம் பதினேழோ பதினெட்டோ. நீங்க பொழுதோட திரும்பறப்ப என்ன பண்ணுவீங்க? பேளுக்குறிச்சி, ராசிபுரம், சேலம், ஓமலூர்னு 75 கிலோமீட்டர் ரோட்டுல போயி ஏர்போர்ட்டு வாசல்ல எறங்குவீங்க. ரெண்டு மணி நேரம் வண்டியில குலுங்கின பின்னாடியும், இங்க திண்ணையில உக்காந்திருந்ததை விடச் சென்னைக்குப் பதினெட்டு கிலோமீட்டர்தான் கிட்டப் போயிருப்பீங்க. சென்னை வடகிழக்கால இருக்குதுங்க. கமலாபுரம் நமக்கு வடமேக்க. இந்தப் பதினெட்டு கிலோமீட்டருக்கு டாக்சிக்காரர் என்ன வாங்குவாருன்னு நான் சொல்ல மாட்டேன், நோம்பியும் அதுவுமா உங்களுக்கு வெசனம் வேண்டாமுங்க.

சரி, பறக்கற நேரத்துக்கு வருவோம். கமலாபுரத்துக்கு வர்றது பெருசு இல்லீங்க, காத்தாடி வச்ச ஏடிஆர். இண்டிகோக்காரங்களுதுல 78 பேர் உக்காரலாம். பெரிய ஜெட்டு ஏன் வரலைன்னா, ஓடுபாதை 1,800 மீட்டர்தான். மீனம்பாக்கத்துல பெருசு 3,600 மீட்டருக்கு மேல. ஏடிஆர் மேல ஏறி நெலைச்சு ஓடினா மணிக்கு 500 கிலோமீட்டர் போகுமாமுங்க. நீங்க கம்ப்யூட்டர் படிச்சவரு, நான் மனக்கணக்குக்காரன். 265-ஐ 500-ஆல வகுத்தா 32 நிமிஷந்தான வரணும்? ஐம்பதுன்னு போட்டிருக்கற மாப்பிள்ளை, மிச்சம் பதினெட்டு நிமிஷத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கறீங்க?

எனக்குத் தெரியுமுங்க. தொப்பூர்க் கணவாயில சரக்கு ஏத்தி ஓட்டினவனுக்கு இது புதுசு இல்ல. ஏறறப்ப வேகம் இருக்காது, எறங்கறப்ப வேகம் வச்சா உசுரு இருக்காது. இந்த விமானம் ஏறி முடிச்சு, நிமிந்து, ஒரு மூச்சு விடறதுக்குள்ள எறங்கற வேலை ஆரம்பிச்சுரும். நடுவுல சமதளம்னு ஓடறது கொஞ்சம். அப்புறம் காத்துக்கு எதுத்தாப்புல திரும்பி ஓடுபாதைக்கு நேரா வரணும். சென்னைப் பக்கம் எறங்கறதா இருந்தா, துபாய்க்காரன், டெல்லிக்காரன், சிங்கப்பூர்க்காரன் எல்லாரும் எறங்கற வரைக்கும் நீங்க மேலயே வட்டம் போடவும் நேரும்.

இன்னொரு சங்கதி. லாரியை மேட்டுல நிறுத்தினாக் கிளீனர் ஓடிப்போயி டயருக்கு அடியில கட்டை வப்பான் பாருங்க, விமானத்துக்கும் அதே கட்டைதான். முன்சக்கரத்துக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, நடுவுல ஒரு கயிறு. சீட்டுல போட்டிருக்கற நேரம் இருக்குதே, அது பறக்கற நேரம் இல்லீங்க. இங்க கட்டையை எடுத்து வண்டி அசையறதுல இருந்து, அங்க போயி நின்னு கட்டை வைக்கற வரைக்கும். அதனாலதான் சீட்டுல ஒரு மணி நேரத்துக்கு மேல போட்டிருக்கும், உங்க படத்துல ஐம்பது நிமிஷம். ரெண்டும் பொய் இல்ல. ஒண்ணு சக்கரத்தைக் கணக்குப் பண்ணுது, ஒண்ணு றெக்கையை. கம்பெனிக்காரங்க சீட்டு நேரத்துல கையிருப்பாக் கொஞ்சம் சேத்தும் வப்பாங்க. எறங்கினதும் மைக்ல "பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்"னு சொல்வாங்க, உள்ள இருக்கறவங்களுக்குச் சந்தோசமா இருக்கும். எங்க காலத்துலயும் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல நாக்பூர் லோடுக்கு ஒரு நாள் சேத்துச் சொல்லிட்டு, சொன்ன நாளுக்கு முந்தி நாள் போயி நின்னு நல்ல பேர் வாங்கினவங்க இருக்கறாங்க. யாருன்னு கேக்காதீங்க.

இப்ப நோம்பி அன்னைக்கு நீங்க என்ன பண்ணணும்னு சொல்றனுங்க, குறிச்சுக்கங்க. ஊட்டுல இருந்து மீனம்பாக்கம், வழி விட்டா ஒரு மணி நேரம். விமானம் கெளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி கவுண்டரை மூடிருவாங்க. வரிசை எப்படியோன்னு பயந்து நீங்க ரெண்டு மணி நேரம் முன்னாடி போவீங்க. அங்க பெல்ட்டைக் கழட்டுவீங்க, வாட்சைக் கழட்டுவீங்க, லேப்டாப்பைப் பொட்டியில இருந்து எடுப்பீங்க, மறுபடி எல்லாத்தையும் மாட்டுவீங்க. கழட்டாம மிஞ்சறது விரல்ல கெடக்கற கல்யாண மோதிரம் ஒண்ணுதான். அப்புறம் கட்டை எடுத்துக் கட்டை வைக்கற வரைக்கும் ஒரு மணி பத்து நிமிஷம்னு வைங்க. எறங்கிப் பொட்டி வாங்க இருபது நிமிஷம். கமலாபுரத்துல இருந்து இங்க ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. கூட்டுங்க. ஆறே கால் மணி நேரம். அம்மாயி உலை வச்ச சோறு பழைய சோறு ஆயிருக்குமுங்க.

அதே நாள் வெடியால கார் எடுத்தீங்கன்னா? உளுந்தூர்பேட்டை வரைக்கும் திருச்சி ரோடு, அங்க பிரிஞ்சு கள்ளக்குறிச்சி, ஆத்தூர். சேலம் போக வேண்டாமுங்க. மல்லியகரை வழியா உள்ள விட்டீங்கன்னா ராசிபுரம். இங்க வந்து சேர ஆறு, ஆறரை மணி நேரம். பெல்ட்டு இடுப்புலயே இருக்கும். பசிச்சா நிறுத்திச் சாப்பிடலாம்.

ஆனா நான் வேண்டாம்னு சொல்லலீங்க. நீங்க பறந்தே வாங்க. கூட்டாளிங்ககிட்ட "மாமனார் ஊரு ஐம்பது நிமிஷம்"னு சொல்லிக்கறதுல ஒரு கெத்து இருக்குது, அதை நான் கெடுப்பனா?

ஒண்ணு மட்டும் கேட்டு வச்சுக்கங்க, அன்னைக்கு அந்த விமானம் இருக்குதான்னு. ஏன் கேக்கறேன்னா, கமலாபுரத்து விமானம் முறைக்காய்ச்சல் மாதிரி, வரும், போகும். ஏர்போர்ட்டைக் கட்டினது 1993-ல. அப்ப என்இபிசின்னு ஒரு கம்பெனி கொஞ்ச நாள் ஓட்டுச்சு, நின்னு போச்சு. அப்புறம் ரொம்ப வருஷம் அந்த ஓடுபாதையில காத்துதான் ஓடுச்சு. 2009-ல கிங்பிஷர் வந்துச்சு; பத்திரிகையில படமெல்லாம் போட்டாங்க; 2011-ல அதுவும் போச்சு. மறுபடி 2018 மார்ச் 25-ல ட்ரூஜெட். சென்னைக்கும் சேலத்துக்கும் ஓட்டினாங்க. கொரோனா வந்துச்சு, 2021-ல அதுவும் நின்னுது. 2023 அக்டோபர்லதான் இப்ப இருக்கற ஆட்டம்: முதல்ல அலையன்ஸ் ஏர் பெங்களூர், கொச்சிக்கு, அதே மாசக் கடைசியில இண்டிகோ சென்னைக்கு. கட்டி முப்பது வருஷம் ஆன ஊட்டுல விட்டு விட்டுத்தான் குடி வந்திருக்குதுங்க.

ஏன் இப்படின்னு டீக்கடையில பேசிக்குவோம். 265 கிலோமீட்டருங்கறது விமானத்துக்கு ரொம்பக் கிட்ட, நமக்கு ரொம்ப எட்ட. மேல ஏறறதுக்குத்தான் எண்ணெய் ஜாஸ்தி குடிக்கும். ஏறின செலவை மேல நீளமா ஓடி ஈடு கட்டணும். சேலம் போறதுக்கு ஏறினா, ஏறின உடனே எறக்கம். அதனாலதான் கவர்மெண்டு உடான்னு ஒரு திட்டம் போட்டு, சின்ன ஊருக்கு விடற கம்பெனிக்கு மூணு வருஷம் பணம் குடுத்து, ஒரு மணி நேரத்துப் பயணத்துக்குப் பாதி சீட்டு 2,500 ரூபாய்க்கு மேல போகக் கூடாதுன்னு ஆரம்பத்துல வரம்பு கட்டுச்சு. 2017 ஏப்ரல்ல சிம்லாவுல முதல் விமானத்தை விட்டப்ப, ஹவாய்ச் செருப்புப் போட்டவனும் விமானத்துல ஏறணும்னு பிரதமர் பேசினாரு. நான் அன்னைக்கே என்ற செருப்பைப் பாத்தனுங்க. பரகான், நீலக் கலரு வாரு. தேஞ்சிருந்துச்சு, ஆனா திட்டத்துக்குப் பொருந்தும்.

அந்தச் செருப்பைப் பத்திப் பின்னால பேசறேன். நடுவுல காத்தைப் பத்தி ஒண்ணு. நோம்பி ஆடியில வருது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு நமக்குத் தெரியும். அதே காத்து உங்க விமானத்துக்கு எதுத்து அடிக்கும்னு போன்ல போட்டிருந்துச்சுங்களா? ஆடியில இங்க மேக்க இருந்து வீசறது மேல்காத்து. சென்னையில இருந்து சேலம் வர்றது மேக்க பாத்து வர்றது. ஆக வர்றப்ப நெஞ்சுல அடிக்கும், போறப்ப முதுகுல தள்ளும். மாமனார் ஊட்டுக்கு வர்றப்ப மெதுவாவும் திரும்பிப் போறப்ப வேகமாவும் போறதுக்கு ஆடிக் காத்தும் உங்க பக்கம் சேந்துக்கிச்சு பாருங்க.

டீக்கடைக்கு வர்ற ரிட்டயர்டு வாத்தியாரு இதுக்கு மேலயும் ஒண்ணு சொன்னாரு. ஆடி மாசம் இந்தக் காத்துக்கு ரொம்ப மேல, நாப்பதாயிரம் அடிக்கும் மேல, நேர் எதிரா கெழக்க இருந்து ஒரு பெருங்காத்து ஓடுதாம். கோட்டேஸ்வரம்னு நம்ம நாட்டு வானிலைக்காரர் ஒருத்தர் 1958-ல அதைப் பத்திக் கட்டுரை எழுதினாராம். ஆடியில கீழ மேல்காத்து, மேல கீழ்காத்து. ஏடிஆரால அவ்வளவு உசரம் ஏற முடியாது. அதனால உங்களுக்குக் கீழ இருக்கற மேல்காத்துதான். ரெண்டு தடவை கேட்டாப் புரியுமுங்க.

காத்து சாதாரணம் இல்ல மாப்பிள்ளை. 2016 அக்டோபர்ல ஏர் இந்தியாக்காரங்க டெல்லியில இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு வேலை பண்ணினாங்க. அதுவரைக்கும் மேக்க திரும்பி அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போவாங்க, 13,900 கிலோமீட்டர். அன்னைக்கு கெழக்க திரும்பி பசிபிக் வழியா போனாங்க, 15,300 கிலோமீட்டர். தூரம் 1,400 கிலோமீட்டர் ஜாஸ்தி. ஆனா பதினாலரை மணி நேரத்துல போயிட்டாங்க, வழக்கத்தை விட ரெண்டு மணி நேரம் கம்மி. முதுகுல தள்ளற காத்தை நம்பி ஊரைச் சுத்திப் போனவன் முந்திட்டான். உங்க போன்ல ரெண்டு புள்ளிக்கு நடுவுல கிலோமீட்டரைப் போட்டு, அதை வேகத்துல வகுத்து நேரம் சொல்லுதே, அதுக்கு இந்த விவரம் தெரியாது.

அப்புறம் அந்த வளைஞ்ச கோடு. பேத்தியோட பழைய உலக உருண்டையும் பரண்ல இருந்துச்சு, ஒரு பக்கம் அமுங்கிப் போயி. தைக்கற நூலை எடுத்து டெல்லியில ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்தேன். நூலு எங்கயோ வடதுருவத்துக்குப் பக்கமாப் போயி நிக்குது! அட்லஸ்ல ஸ்கேல் வச்சா பூமிக்கு நடுவுல குறுக்க போற மாதிரி இருக்கும். உருண்டையில எது கிட்டன்னு நூலுக்குத்தான் தெரியும், தாளுக்குத் தெரியாது. சரி, அதே நூலைச் சென்னைக்கும் சேலத்துக்கும் வச்சேன். ரெண்டு ஊரும் என்ற நகத்துக்கு அடியில மறைஞ்சு போச்சுங்க. 265 கிலோமீட்டருக்கு உலகம் தட்டைதான் மாப்பிள்ளை. அந்தக் கோட்டை வளைச்சு விட்டது அழகுக்கு.

லாரிக்காரங்க தூரம் சொல்றதை நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. "பெங்களூர் எவ்வளவு தூரம்?"னா "ஒரு ராத்திரி"ம்போம். நாமக்கல்ல இருந்து ஏழாம் நம்பர் ரோட்டுல, இப்ப அதை 44-ங்கறாங்க, ஏறினா ஹைதராபாத்து எத்தனை சோறு, நாக்பூர் எத்தனை தூக்கம்னுதான் கணக்கு. கிலோமீட்டர் ஓனருக்கு, டீசல் போடறதுக்கு. மணி எங்களுக்கு. கொல்லிமலையையே பாருங்க, இங்க இருந்து எட்டித் தொடற தூரத்துல நிக்குது. நேர்கோட்டுல அளந்தா ஒண்ணுமே இல்ல. காரவள்ளியில ஏற ஆரம்பிச்சா 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் எழுதிக் கல்லு நட்டிருக்கறாங்க, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே போகலாம். மேல போயிச் சேர ஒரு மணி நேரம் தாராளமா ஆகும். ஆடி பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழாவுக்கு மலைமேல கூட்டம் வேற இருக்கும். ஐம்பது நிமிஷத்துல சென்னையில இருந்து வந்துட்டு, ஐம்பதாவது வளைவுல அதே ஐம்பது நிமிஷம் நிக்கப் போறீங்க.

விமானமே தப்புன்னு நான் சொல்லலீங்க. நடுவு நீளமா இருக்கறப்ப அது தேவாமிர்தம். திருச்சி நமக்கு நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். அங்க இருந்து சிங்கப்பூர் 3,000 கிலோமீட்டர், நாலு மணி நேரம். முனை ரெண்டுலயும் எவ்வளவு நேரம் போனாலும் நடுவுல மிச்சம் ஆகுது. கடிகாரத்தை நம்பினா இன்னும் வேடிக்கை: சிங்கப்பூர் நம்மளை விட ரெண்டரை மணி நேரம் முந்தி. போறப்பக் கடிகாரத்துல ஆறரை மணி நேரம் போயிருக்கும், வர்றப்ப ஒண்ணரை மணி நேரந்தான். உங்க சின்ன மச்சான் அங்க இருந்து வர்றப்ப, "ஒண்ணரை மணி நேரத்துல வந்துட்டேன் அப்புச்சி"ங்கறான். நானும் "வாட்சை இன்னும் கொஞ்சம் திருப்பி வச்சிருந்தா நேத்தே வந்திருப்பியே"ன்னேன்.

நடுவுல கடல் இருந்தாலும் சரிதான். திருச்சியில இருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டுல 200 கிலோமீட்டர் கூட இல்ல, நம்ம சேலத்தை விடக் கிட்ட. 2025 மார்ச்ல இருந்து விமானம் விடறாங்க. பஸ்ஸா விட முடியும்? ஸ்காட்லாந்துக்கு வடக்கால ஆர்க்னித் தீவுக்கூட்டத்துல வெஸ்ட்ரேன்னு ஒரு தீவு, பாப்பா வெஸ்ட்ரேன்னு பக்கத்துத் தீவு. ரெண்டு ஓடுபாதைக்கும் நடுவுல 2.7 கிலோமீட்டர். ஒண்ணரை, ரெண்டு நிமிஷத்துல விமானம் போயி எறங்கிருதாம். காத்து நல்லா இருந்த ஒரு நாள் 53 செகண்டு! உலகத்துலயே குட்டியான விமானப் பயணம் அதுதானாம். நானா இருந்தா பெல்ட்டு போட்டுக் கழட்டறதுக்கே அவ்வளவு நேரம் ஆகும். ஆனா அவங்களுக்கு நடுவுல அலை. உங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல கடல் இருக்குதுங்களா மாப்பிள்ளை? இருந்தாச் சொல்லுங்க, அம்மாயிகிட்டச் சொல்லி வழியை மாத்தச் சொல்றேன்.

நெசமா சீக்கிரம் வரணும்னா வழி சொல்றேன். ராத்திரி சென்ட்ரல்ல பழனி எக்ஸ்பிரஸ்னு ஒண்ணு இருக்குது, அதுல ஏறுங்க. சேலம் தாண்டி நேரா நாமக்கல்லுக்கே வருது. 2013-ல சேலம் கரூர் லைனைப் போட்டதுக்கு அப்புறம் நமக்குக் கெடைச்ச யோகம். படுத்தீங்கன்னா விடியறதுக்கு முன்னாடி நாமக்கல். ஸ்டேஷன்ல இருந்து சேந்தமங்கலம் பத்து, பன்னண்டு கிலோமீட்டர். நான் டிவிஎஸ் 50-ல வந்து நிப்பேன். தூக்கத்துல போன நேரம் யார் கணக்குலயும் வராது. பகல்ல வரணும்னா வந்தே பாரத் இருக்குது, 2023 ஏப்ரல்ல விட்டது, சேலம் நாலு மணி நேரத்துக்குள்ள. பொட்டிக்கு எடை இல்ல, பெல்ட்டுக்குத் தொந்தரவு இல்ல.

எடைன்னதும் ஞாபகம் வருதுங்க. விமானத்துல போறப்பக் கையில ஏழு கிலோ, கீழ பதினஞ்சு கிலோதானாம். அம்மாயி என்னென்ன கட்டி வச்சிருக்கறா தெரியுங்களா? கொல்லிமலைப் பலாப்பழம் ஒண்ணு, அதுவே பதினஞ்சு கிலோவுக்கு மேல. மலை மொளகு, தேன், பேளுக்குறிச்சிச் சந்தையில வாங்கின மசாலாச் சாமான், ராசிபுரத்து நெய்யி. நாமக்கல் மாப்பிள்ளைக்கு முட்டை குடுக்காம அனுப்புவாங்களா? முப்பது முட்டை அட்டை ஒண்ணு. கொப்பரையும் வச்சிருந்தா, அது எண்ணெய்ப் பசையில தீப்பிடிக்கும்னு விமானத்துல ஏத்த மாட்டாங்கன்னு நான்தான் எடுத்து வச்சேன். பலாப்பழத்தைத் தூக்கிக்கிட்டு நீங்க செக்கிங்ல நிக்கறப்ப பெல்ட்டைக் கழட்டச் சொன்னா எந்தக் கையில கழட்டுவீங்கன்னுதான் யோசனை பண்ணிக்கிட்டு இருக்கறேன்.

என்னங்க? டிக்கெட்டு போட்டாச்சுங்களா? போக, வர ரெண்டும் போட்டாச்சா? திருப்பிக் குடுத்தாக் காசு வராதுங்களா? ஐயோ பாவம். நான் முன்னாடியே பேசியிருக்கணுமுங்க.

போட்டது போட்டாச்சு, இனி அதைக் கேன்சல் பண்ணி ஒறம்பரைக்குள்ள நட்டம் எதுக்கு. வாங்க, பறந்தே வாங்க. ஆனா ஒரு விண்ணப்பமுங்க. திரும்பிப் போறப்ப ஒண்ணுக்கு ரெண்டு டிக்கெட்டாப் போடுங்க. உங்க பன்னண்டாவது மாடியை இன்னும் நான் பாக்கலைல்ல? பேத்தியும் ரொம்ப நாளாக் கூப்பிடுது. அந்த ஏடிஆரைப் பத்தி விசாரிச்சு வச்சுட்டேன். பின்வாசல் வழியாத்தான் ஏறணும், முன்னாடி சரக்கு. லாரிக்கு நேர் மாறு. றெக்கை மேல இருக்கறதால ஜன்னல்ல கீழ பாக்க மறைக்காது. ஆனா காத்தாடிக்கு நேரா உக்காந்தாச் சத்தம், அதனால பின்னால வரிசை. ஜன்னல் பக்கம், அதுவும் வலது கைப்பக்கம். கமலாபுரத்துல ஏறி வடகிழக்கால திரும்பறப்ப வலது பக்கந்தான் ஏற்காடு, அதுக்குப் பின்னால கொல்லிமலை. மேகம் இல்லாம இருந்தா நம்ம பக்கம் தெரியணும்.

அம்மாயிக்கு? அவளுக்கு வேண்டாமுங்க. அவகிட்ட இன்னும் சொல்லல. அரிசி களையற சத்தம் கேக்குதுங்களா, இங்கதான் நிக்கறா, அதான் மெதுவாப் பேசறேன். புதுச் செருப்பு வாங்கியாச்சு, இதுவும் ஹவாய்தான். டிக்கெட்டுல பேரு போடறப்ப ஆதார்ல இருக்கற மாதிரியே போடுங்க, எழுத்து மாறினா உள்ள விட மாட்டாங்களாம். வயசையும் ஆதார்ல இருக்கறபடியே போட்டுக்கங்க, சீனியர் சிட்டிசனுக்குக் கொஞ்சம் குறைப்பாங்களான்னு பாருங்க. வச்சுரட்டுங்களா? மீட்டிங்கைப் பாருங்க.